இதயத்தில் தோன்றும் புற்றுக்கட்டி: எவ்வாறு கண்டறிகிறோம்?

எக்கோ அறிக்கையில் 'வலது மேலறையில் ஒரு மாஸ் காணப்படுகிறது' என்ற ஒற்றை வரியைப் படித்துவிட்டு எங்களிடம் வருவோர் பெரும்பாலும் முதலில் கேட்பது, "இதயத்தில்கூடப் புற்றுநோய் வருமா?" என்பதே. வரும், ஆனால் மிக அரிதாகவே வரும். பிரேதப் பரிசோதனைகளை அடிப்படையாகக் கொண்ட கணக்குகளின்படி, 1,00,000 உடல்களை ஆராய்ந்தால் அவற்றுள் 1 முதல் 30 வரையிலானவற்றில் மட்டுமே இதயத்திலேயே தோன்றிய கட்டி இருக்கும். அந்தச் சிறு எண்ணிக்கையிலும் பெரும்பாலானவை தீங்கற்ற கட்டிகள். நான்கில் ஒன்றோ அதற்கும் குறைவானதோதான் புற்றுத்தன்மை உடையது.

இந்த அரிய நிலைக்கு ஒரு காரணம் உண்டு. புற்றுநோய் என்பது அடிப்படையில் கட்டுப்பாடற்ற செல் பிளவு. தோல், குடல், மார்பகம் போன்ற உறுப்புகளில் செல்கள் ஓயாமல் பிளந்து புதுப்பித்துக்கொண்டே இருப்பதால் அங்கே பிழை நேர வாய்ப்பு மிகுதி. இதயத் தசைச் செல்களோ பிறந்த சிறிது காலத்திலேயே பிளவை ஏறத்தாழ நிறுத்திவிடுகின்றன. 25 வயதுடைய ஒருவருக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 1 விழுக்காடு தசைச் செல்களே புதிதாக உருவாகின்றன. வயது ஏற ஏற அதுவும் குறைகிறது. எனினும் இதயம் தசையால் மட்டும் ஆனதன்று. இரத்தக் குழாய்களின் உட்சுவர்ச் செல்கள், இணைப்புத் திசு, நிணநீர்ச் செல்கள், இதயத்தைச் சூழ்ந்த உறை ஆகியனவும் அங்கே உள்ளன. இதயப் புற்று பெரும்பாலும் இவற்றிலிருந்தே முளைக்கிறது.

'கட்டி' என்ற சொல் பற்றி

தமிழில் 'கட்டி' என்ற ஒரே சொல்லை நாம் பல பொருள்களில் வழங்குகிறோம். சீழ்க்கட்டியும் கட்டிதான், இரத்தக் கட்டியும் கட்டிதான், புற்றுக்கட்டியும் கட்டிதான். இதனால் எழும் குழப்பத்தை நாங்கள் அன்றாடம் காண்கிறோம். "இதயத்தில் கட்டி" என்று ஒருவர் சொல்லக் கேட்ட உறவினர், அன்று மாலைக்குள் ஊரெல்லாம் புற்றுநோய் என்று செய்தி பரப்பிவிடுவதும் உண்டு. எக்கோ பரிசோதனையில் 'மாஸ்' என்று எழுதுபவர், இருக்கக் கூடாத இடத்தில் ஏதோ ஒரு திரள் இருக்கிறது என்று மட்டுமே சொல்கிறார். அது என்னவென்று அவர் இன்னும் சொல்லவில்லை.

அது உறைந்த இரத்தமாக இருக்கலாம். மாரடைப்புக்குப் பின்னும், இதயத்துடிப்பு ஒழுங்கற்றுப் போனவர்களிடமும் இது மிகச் சாதாரணம். வால்வில் கிருமித்தொற்று ஏற்பட்டு வளர்ந்த திரளாக இருக்கலாம். சில வேளைகளில் பிறவியிலேயே அமைந்த, எந்தத் தீங்கும் செய்யாத ஒரு சதை மடிப்பே கட்டிபோலத் தோன்றிவிடும். உண்மையான கட்டியாகவே இருந்தாலும், பெரியவர்களிடம் நாங்கள் மிகுதியாகக் காண்பது மிக்ஸோமா என்னும் தீங்கற்ற கட்டியையே. அது பெரும்பாலும் இடது மேலறையில், இரு மேலறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரில் ஒரு காம்புடன் தொங்கும். அறுவை சிகிச்சையில் முழுமையாக எடுத்துவிட்டால் பெரும்பாலோர் இயல்பு வாழ்வுக்குத் திரும்பிவிடுவர். குழந்தைகளிடம் காணப்படும் ராப்டோமயோமா என்ற கட்டி பல நேரங்களில் தானாகவே சுருங்கிவிடும்.

புற்று என்றே உறுதியானாலும், அது இதயத்தில் பிறந்ததா, வேறிடத்திலிருந்து வந்து தங்கியதா என்பது அடுத்த கேள்வி. நுரையீரல், மார்பகம், இரத்தம், நிணநீர் மண்டலம், தோலின் மெலனோமா ஆகியவற்றில் தொடங்கிய புற்று இதயத்துக்குப் பரவுவது, இதயத்திலேயே புற்று தோன்றுவதைவிடக் குறைந்தது 20 மடங்கு மிகுதி. ஆகவேதான் "இதயத்தில் பிரச்சினை என்று வந்தால் வயிற்றையும் மார்பகத்தையும் ஏன் பார்க்கிறார்கள்?" என்று நோயாளிகள் வியக்கும்படியாக, உடல் முழுவதையும் நாங்கள் ஆராய்கிறோம்.

வேறொரு நோயின் வேடத்தில்

இதயப் புற்றுக்கென்று தனி அறிகுறி இல்லை. இதுவே இந்நோயைக் கண்டறிவதிலுள்ள பெரிய இடர். கட்டி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தே அறிகுறி அமைகிறது. கட்டியின் தன்மையைப் பொறுத்து அன்று. இடது மேலறையில் வளர்ந்து மிட்ரல் வால்வின் வாயை அடைத்தால், நடக்கும்போது மூச்சிரைப்பும், படுத்தால் இருமலும் வரும். ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு சுருங்கியவர்களுக்கும் இதே தொல்லைகள்தாம். ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் ஒலியும் ஏறத்தாழ ஒன்றே. நம் நாட்டில் ருமாட்டிக் இதயநோய் இன்னும் மறையாத நிலையில், ஒலியை மட்டும் கேட்டு முடிவுசெய்ய இயலாது. வலது மேலறையில் வளர்ந்தால் கால்வீக்கமும் வயிற்றில் நீரும் தோன்றும்; கல்லீரல் நோய் என்றே முதலில் எண்ணத் தோன்றும். கட்டியின் துணுக்கு ஒன்று பிய்ந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதமே முதல் அறிகுறியாகிவிடும்.

இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டியது இதயத்தைச் சூழ்ந்த உறையில் நீர் கோத்தல் பற்றி. இதயத்தில் தோன்றும் புற்றுகளுள் சார்கோமா வகையே பெரும்பான்மை. அவற்றுள்ளும் ஆஞ்சியோசார்கோமா எனப்படும் இரத்தக்குழாய்ச் செல்புற்று முதன்மையானது. அது பெரும்பாலும் வலது மேலறையின் சுவரில் தொடங்கி, வெளியுறைக்குள் ஊடுருவி, அங்கே இரத்தம் கலந்த நீரைச் சேர்க்கும். முதியவர்களைவிட நடுவயதினரையும் இளைஞர்களையுமே இது மிகுதியாகத் தாக்குவதால், புற்றுநோய் என்ற ஐயமே எழுவதில்லை. இந்தியாவில் இதய உறையில் நீர் கோத்தால் முதலில் காசநோயை நினைப்பது முற்றிலும் நியாயமானது; ஏனெனில் இங்கே அதற்குக் காசநோய் ஒரு முக்கியக் காரணம். மருந்தும் பலனளிக்கும். ஆனால் காசநோய்க் கிருமி எந்தப் பரிசோதனையிலும் அகப்படாமல், அனுமானத்தின் பேரில் மாத்திரை தொடங்கப்பட்டு, சில வாரங்களிலேயே நீர் மீண்டும் கோத்தால், அதுவும் இரத்த நிறத்தில் வந்தால், அங்கே நிறுத்தி யோசிக்க வேண்டும்.

அவ்வாறு எடுத்த நீரில் புற்றுச் செல்கள் இல்லை என்று ஆய்வகம் அறிக்கை தந்துவிட்டால் பலரும் நிம்மதி அடைகின்றனர். அந்த நிம்மதி எப்போதும் சரியன்று. சார்கோமா செல்கள் நீரில் எளிதில் உதிர்வதில்லை. கட்டி இருந்தும் நீரில் செல் அகப்படாமல் போவதே வழக்கம். எனவே 'நீரில் செல் இல்லை' என்பதை 'புற்று இல்லை' என்று நாங்கள் படிப்பதில்லை. நீங்களும் அவ்வாறு படிக்க வேண்டாம்.

எந்தச் சோதனை எதைச் சொல்கிறது?

1950கள் வரை இதயக் கட்டிகள் பெரும்பாலும் இறந்தபின் உடலைத் திறந்தபோதே அறியப்பட்டன. 1559இல் இத்தாலிய உடற்கூற்றியல் அறிஞர் ரியால்டோ கொலம்போ இதயக் கட்டியை முதன்முதலில் குறிப்பிட்டார் என்பர். அதிலிருந்து ஒரு மிக்ஸோமாவை உயிரோடிருக்கும் ஒருவரிடம் சாயம் செலுத்திப் படமெடுத்துக் கண்டறிய 1952 வரை காலம் பிடித்தது. 1954இல் ஸ்வீடனில் கிளாரன்ஸ் கிராஃபோர்ட், இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையுடன் அத்தகைய கட்டியை வெற்றிகரமாக அகற்றினார். 1959இல் ஒலியலைகளைக் கொண்டு மிக்ஸோமாவைக் கண்ட முதல் செய்தி வெளியாயிற்று. இன்று நீங்கள் அரை மணி நேரத்தில் செய்துகொண்டு போகும் எக்கோவின் முன்னோடி அதுவே.

எக்கோவில் நாங்கள் கட்டியின் அளவை மட்டும் பார்ப்பதில்லை. அது காம்புடன் தொங்குகிறதா, அகன்ற அடியுடன் சுவரோடு ஒட்டியிருக்கிறதா. ஓர் அறையில் உள்ளதா, சுவரையோ வால்வையோ ஊடுருவி அடுத்த அறைக்கும் சென்றுள்ளதா. உறையில் நீர் உள்ளதா. நுரையீரல் சிரைகளின் வாயை அடைக்கிறதா என்றெல்லாம் பார்க்கிறோம். வலப்பக்கத்தில், அகன்ற அடியுடன், உறைநீரோடு கூடிய கட்டி ஐயத்தைக் கூட்டும். இடது மேலறையில் இருந்தாலும், நடுச்சுவரை விட்டு விலகிப் பின்சுவரில் முளைத்திருந்தால், அது மிக்ஸோமாதான் என்று உடனே முடிவுகட்டாமல் நாங்கள் தயங்குவோம். மார்பின் மேலிருந்து எடுக்கும் எக்கோவில் தெளிவு போதாதபோது உணவுக்குழாய் வழியே சிறு குழாயைச் செலுத்தி எடுக்கிறோம். அதற்கு 6 மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும். தொண்டை மரத்துப்போக மருந்து தெளிக்கப்படும். குமட்டல் இருக்கும், வலி இருக்காது.

இதய எம்.ஆர்.ஐ. எங்களுக்கு மிக உதவும் சோதனை. உறைந்த இரத்தத்தில் இரத்த ஓட்டம் இல்லை. ஆகவே சிரைவழி செலுத்தும் காடலினியம் என்ற மருந்தை அது ஏற்பதில்லை. உயிருள்ள கட்டி ஏற்கும். புற்றுக்கட்டி சீரற்ற முறையில், திட்டுத்திட்டாக ஏற்கும். இந்த ஒரு வேறுபாடே பல குடும்பங்களைப் பெருங்கவலையிலிருந்து விடுவித்திருக்கிறது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் குறுகிய குழாய்க்குள் படுத்து, சொல்லும்போதெல்லாம் மூச்சை அடக்க வேண்டியிருக்கும். மூச்சிரைப்பால் படுக்க முடியாதவர்கள், மூடிய இடத்துக்கு அஞ்சுபவர்கள், பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். சி.டி. ஸ்கேன் கட்டியைச் சுற்றிய இரத்தக் குழாய்களையும் நுரையீரலில் பரவல் உள்ளதா என்பதையும் காட்டும். ஆஞ்சியோசார்கோமா கண்டறியப்படும்போதே பலருக்கு நுரையீரலுக்குப் பரவியிருக்கும் என்பதால் இச்சோதனையைத் தவிர்க்க இயலாது.

பெட் ஸ்கேன் செய்யவிருப்போர்க்கு ஒரு தனிக் குறிப்பு. இச்சோதனையில் கதிரியக்கம் கலந்த சர்க்கரையைச் செலுத்துகிறோம். அதை மிகுதியாக உறிஞ்சும் இடம் ஒளிரும். இதயத் தசையும் சர்க்கரையை உறிஞ்சக்கூடியது என்பதால், ஆயத்தமின்றி வந்தால் இதயம் முழுவதும் ஒளிர்ந்து கட்டி மறைந்துவிடும். ஆகவே முந்தைய நாள் சோறு, இட்லி, தோசை, சப்பாத்தி, பழம், பால், இனிப்பு ஆகியவற்றை விலக்கி, முட்டை, பனீர், மீன், கோழி போன்றவற்றை மட்டும் உண்டு, பின்னர் நீண்ட நேரம் பட்டினி இருக்கச் சொல்கிறோம். "ஒரு வாய் காபிதானே" என்று பாலும் சர்க்கரையும் கலந்து குடித்துவிட்டு வருபவர்களின் சோதனையைத் தள்ளிவைக்க நேர்கிறது. பணமும் நாளும் வீணாகின்றன. நீரிழிவு நோயாளிகள் இதைத் தாமாகச் செய்யக் கூடாது. மாத்திரை, இன்சுலின் அளவைக் கேட்டறிந்த பின்பே பட்டினியைத் தொடங்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இதய சார்கோமாவைக் கண்டுபிடிக்கும் இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. 'டியூமர் மார்க்கர்' என்ற பெயரில் ஆய்வகங்கள் விற்கும் தொகுப்புகள் இந்நோய்க்கு உதவா. நலமாக இருப்பவர்கள் இதற்கென்று தேடிச் சோதித்துக்கொள்ள வேண்டிய தேவையும் இல்லை. பி.ஓ.டி.-1 என்ற மரபணு மாற்றம் சில குடும்பங்களில் ஆஞ்சியோசார்கோமாவுடன் தொடர்புடையதாக அறியப்பட்டுள்ளது; ஒரே குடும்பத்தில் பலருக்குச் சார்கோமா வந்திருந்தால் மட்டும் மரபியல் ஆலோசனை பயன்தரும்.

"சதையை எடுத்தால் பரவிவிடாதா?"

படங்கள் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், கட்டியின் பெயரை அவை சொல்வதில்லை. அதைச் சொல்வது திசு மட்டுமே. சிறு சதைத் துணுக்கை எடுத்து ஆராயும் 'பயாப்ஸி' என்ற சொல்லைக் கேட்டதும் குடும்பத்தார் அஞ்சுவது எங்களுக்குப் புரிகிறது. ஊசியோ கத்தியோ பட்டால் புற்று சீறிக் கிளம்பும் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. பயாப்ஸி செய்தபின் நோய் முற்றியதைக் கண்டவர்கள், பயாப்ஸியால்தான் முற்றியது என்று எண்ணுகின்றனர். பெரும்பாலான நேர்வுகளில், சோதனைக்கு முன்பே நோய் அந்த வேகத்தில்தான் சென்றுகொண்டிருந்திருக்கும். ஊசித்தடத்தில் புற்று பரவுவது மிக அரிது.

உண்மையான ஆபத்துகள் வேறு. இதயச் சுவரில் துளை விழுந்து உறைக்குள் இரத்தம் தேங்கலாம். கட்டியின் துணுக்கு பிய்ந்து இரத்த ஓட்டத்தில் செல்லலாம். துடிப்பு தடம் மாறலாம். இவற்றை ஒப்புதல் படிவத்தில் எழுதுவதோடு நிறுத்தாமல் வாயாலும் சொல்கிறோம். இந்த ஆபத்துகளைக் கருதியே வழியைத் தேர்ந்தெடுக்கிறோம். கழுத்திலோ தொடையிலோ உள்ள சிரை வழியாகச் சென்று வலப்பக்கக் கட்டியின் துணுக்கை எக்கோவின் துணையுடன் எடுப்பது இயலும். துணுக்கு பிய்ந்தாலும் அது நுரையீரலுக்கே செல்லும். இடப்பக்கத்தில் பிய்ந்தால் மூளைக்குச் செல்லக்கூடும் என்பதால், அங்கே பொதுவாக அறுவை சிகிச்சையில் கட்டியை எடுத்து, எடுத்ததையே ஆய்வுக்கு அனுப்புகிறோம். கழுத்திலோ நுரையீரலிலோ எளிதில் எட்டும் பரவல் இருந்தால் இதயத்தைத் தொடாமல் அங்கிருந்தே திசுவை எடுத்துவிடுவோம். முதல் துணுக்கில் இறந்த திசுவும் உறைந்த இரத்தமும் மட்டுமே வந்து, இரண்டாம் முறை செய்ய நேர்வதும் உண்டு. அது சோதனையின் இயல்பு.

இவ்வளவு இடர்ப்பட்டு ஏன் பெயரைத் தேட வேண்டும்? ஏனெனில் பெயர் மாறினால் சிகிச்சையே மாறுகிறது. வலது மேலறையில் பெரிய கட்டி, உறையில் நீர் என்று ஒரே படத்தைக் காட்டும் இருவரை எண்ணிக்கொள்ளுங்கள். ஒருவருடையது ஆஞ்சியோசார்கோமா. பரவாதிருந்தால், முழுமையாக வெட்டி எடுக்க இயலுமா என்பதே அங்கு முதன்மையான கேள்வி, கீமோதெரபி துணைநிற்கும். மற்றவருடையது லிம்ஃபோமா. அதற்கு இதயத்தைத் திறந்து கட்டியை அகற்றும் பெரிய அறுவை சிகிச்சை தேவையே இல்லை. கீமோதெரபியில் அது சில வாரங்களில் கண்முன்னே கரைவதை எக்கோவில் காணலாம். பெயர் அறியாமல் கத்தியை எடுத்தால் இரண்டாமவருக்குத் தேவையற்ற அறுவை. பெயர் அறியாமல் காத்திருந்தால் முதலாமவருக்குக் காலம் கைநழுவும்.

லிம்ஃபோமா ஐயம் இருக்கும்போது ஒரு வேண்டுகோள். மூச்சிரைப்புக்கோ வீக்கத்துக்கோ ஸ்டீராய்டு மருந்தைத் திசு எடுப்பதற்கு முன் தொடங்கிவிட்டால், கட்டி தற்காலிகமாகச் சுருங்கி, எடுத்த திசுவில் விடை தெளிவாகக் கிடைக்காமல் போகக்கூடும். அவசர நிலையில் கொடுத்தே தீரவேண்டிய தருணங்கள் உண்டு. ஆனால் மருந்துக்கடையிலோ வேறிடத்திலோ ஸ்டீராய்டு எடுத்திருந்தால், அதைத் தயங்காமல் எங்களிடம் சொல்லுங்கள். யாரும் கடிந்துகொள்ள மாட்டோம்.

திசு நோயியல் பிரிவுக்குச் சென்றபின் ஏன் அவ்வளவு நாள்கள் ஆகின்றன என்ற கேள்வி, காத்திருக்கும் குடும்பத்தாரிடமிருந்து நாள்தோறும் வருகிறது. திசுவைப் பதப்படுத்தி, மெழுகில் உறையவைத்து, மெல்லிய சீவல்களாக்கி, நிறமேற்றிப் பார்ப்பது முதற்படி. பல சார்கோமாக்கள் நுண்ணோக்கியில் ஒன்றுபோலவே தோன்றுவதால், செல்லிலுள்ள புரதங்களை அடையாளம் காணும் சிறப்புச் சாயங்கள் தேவைப்படும். சி.டி.31, இ.ஆர்.ஜி. ஆகியன படிந்தால் இரத்தக்குழாய்ச் செல்புற்று, சி.டி.20 படிந்தால் பி-வகை லிம்ஃபோமா என்ற திசையில் செல்கிறோம். இன்னும் ஐயம் நீடித்தால் மரபணு ஆய்வு. இவற்றை அவசரப்படுத்தினால் தவறான பெயரே விரைவாகக் கிடைக்கும்.

முடிவு வந்தபின், அதை நோயாளியிடம் சொல்ல வேண்டாம் என்று மகனோ மகளோ அறை வாசலில் எங்களை நிறுத்திக் கேட்பது வழக்கமாக உள்ளது. அன்பினால் எழும் கோரிக்கை அது என்பதை அறிவோம். இதய சார்கோமா கடுமையான நோய்தான்; சிகிச்சை தந்தும் பலருக்கு வாழ்நாள் மாதக்கணக்கிலேயே அமைகிறது, முழுமையாக அகற்ற முடிந்தவர்களுக்கு அது நீள்கிறது. இதை மறைத்துவைத்து அவரிடம் பெரிய அறுவை சிகிச்சைக்கோ கீமோதெரபிக்கோ கையெழுத்து வாங்க எங்களால் இயலாது. அவர் எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று முதலில் அவரையே கேட்போம். விரும்பும் அளவே, விரும்பும் வேகத்திலேயே சொல்வோம். முழு விவரமும் வேண்டாம், மூத்த மகளிடம் பேசுங்கள் என்று அவரே சொன்னால் அதையும் மதிப்போம். நிலத்தையோ நகையையோ விற்று மேற்கொள்ளும் சிகிச்சையில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று கேட்கும் உரிமை குடும்பத்துக்கும் உண்டு. கேளுங்கள். நோய் எந்நிலையில் இருந்தாலும் வலியையும் மூச்சிரைப்பையும் தணிக்கும் சிகிச்சை முதல் நாளிலிருந்தே உடன்வரும்.

வேறு மருத்துவமனையில் இரண்டாவது கருத்துக் கேட்க விரும்புவோர் தயங்க வேண்டியதில்லை. இவ்வளவு அரிய நோயில் நாங்களே அதை வரவேற்கிறோம். அவ்வாறு செல்லும்போது அறிக்கைத் தாள்களை மட்டும் எடுத்துச் செல்லாதீர்கள். எக்கோ, எம்.ஆர்.ஐ., சி.டி. படங்களின் குறுந்தகடும், திசுவின் கண்ணாடிச் சில்லுகளும், 'பிளாக்' எனப்படும் மெழுகுக் கட்டையும் உடன் இருக்க வேண்டும். அந்த மெழுகுக் கட்டை இருந்தால், பெரும்பாலும் புதிதாக ஊசி குத்தாமலே வேறு நிபுணர் அதே திசுவிலிருந்து புதிய சீவல் எடுத்துப் பார்க்க முடியும். நோயியல் பிரிவில் எழுத்து மூலம் விண்ணப்பித்து, கையொப்பமிட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். கோடை வெயிலில் மெழுகு உருகிவிடும். பேருந்திலோ காரிலோ செல்லும்போது சன்னலோரம் வைக்காமல், பைக்குள் நிழலாக வைத்துக்கொள்ளுங்கள்.